முன் கதவுக்கு மட்டும் ஒரு படி

ஏனுங்க தம்பி, போன்ல என்ன வண்டி பார்க்கறீங்க? பிக்கப்பா? நாலு கதவு, பின்னாடி தொட்டி. பொண்டாட்டி புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மலை மேல போயி கூடாரம் போடற யோசனைதானே? முதல்ல அதை அணைச்சுப் பாக்கெட்டுல போடுங்க. அப்படியே கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்துக்குங்க, நான் ஓரத்துல உக்கார்ந்து காலை நீட்டிக்கறேன். முட்டி வலியெல்லாம் இல்லீங்க. மடக்கினா கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான்.

நானும் இந்த பஸ்ஸுல கொல்லிமலைக்குத்தான் போறேன். கோயிலுக்கில்லை, அருவிக்கில்லை. கூடாரத்துல உக்கார்ந்து சோறு திங்கப் போறேன். நாமக்கல்ல எனக்கு மாடி ஊடு இருக்குது, ரூமுக்கு ரூம் பேன் ஓடுது, குழாயைத் திறந்தா தண்ணி வருது. அதை விட்டுப்போட்டு என்ற சம்சாரமும் பொண்ணும் இந்நேரம் மலை மேல துணிக்கடியில குந்திக்கிட்டு, மூணு கல்லைக் கூட்டி அடுப்பு ஊதிக்கிட்டு இருப்பாங்க. நம்ம பாட்டன் வேற கதியில்லாம செஞ்சதை இவங்க டீசல் போட்டுக்கிட்டுப் போயி செய்யறாங்க. கேட்டா கேம்பிங்குங்கறாங்க.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு வண்டி. அந்த வண்டிக்குக் காரணம் பூபதி. பூபதிங்கறவன் என்ற சகலை. என்ற சம்சாரத்தோட தங்கச்சி கோகிலாவைக் கட்டினவன். கோழித் தீவனக் கம்பெனியில வேலை. தங்கமான பையன்னு ஊரே சொல்லும். தங்கமான பையன்னா என்ன அர்த்தம்? சொந்தமா மூளை கிடையாதுன்னு அர்த்தம். யாரு எதைச் சொன்னாலும் சரிங்கண்ணா, ஆகட்டுங்கண்ணா. அந்த மாதிரி ஆளு வண்டி வாங்கினா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

எனக்கு வண்டி விசயம் தெரியாதுன்னு எவனும் சொல்லிட முடியாது. வருசக்கணக்கா லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்கேன். வையாபுரின்னா நாமக்கல்ல அத்தனை டிரைவருக்கும் தெரியும். நான் ஸ்டியரிங் பிடிச்சதில்லை, அது வேற விசயம். எதுக்குப் பிடிக்கணும்? எந்த லாரி எந்த ஊருக்குப் போகணும்னு சொல்றவன் நான். ஓட்டறது யாரு வேணாலும் ஓட்டுவான்.

எங்க மாமனார் ஊட்டுல ஒரு வழக்கம் உண்டுங்க. அந்தக் குடும்பத்துல யாரு எதை வாங்கினாலும் மூத்த மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வாங்கணும். மிக்ஸியா இருந்தாலும் சரி, மனையா இருந்தாலும் சரி. மாமனார் போயிச் சேர்ந்துட்டாரு, வழக்கம் போகலை. மூத்த மாப்பிள்ளை நான். நான் ஒண்ணு சொல்லி, அது வேண்டாமுங்கன்னு அந்த ஊட்டுல யாரும் சொல்றது கிடையாது. அந்த மரியாதையை நானா கேட்டு வாங்கலை. தானா வருது.

போன வருசம் தீபாவளி கழிஞ்சு பூபதி ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கிட்டு வந்தான். பையைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு, ஏதோ வாங்கப் போறான்னு. அண்ணா, ஒரு வண்டி எடுத்தா நம்ம ரெண்டு குடும்பமும் மலைக்கு, காட்டுக்குப் போயி ராத்தங்கிட்டு வரலாம், யாழினி மேல்படிப்புக்கு வெளியூர் போறதுக்குள்ள எல்லாருமாச் சேர்ந்து நாலு இடம் பார்த்துடலாம்னான். யாழினி என்ற பொண்ணு. எங்களுக்கு அவ ஒருத்திதான்.

போன்ல வண்டி காட்டினான். ஒண்ணு ஜீப்பு. அதுல ஆள் உக்கார்ந்தா சாமானுக்கு இடமில்லை. இன்னொண்ணு ரெண்டு கதவு லோடு வண்டி. அதுல சாமானுக்கு இடமிருக்குது, ஆளுக்கு இல்லை. அப்புறம் நீங்க இப்பப் பார்த்தீங்களே, அது. முன்னாடி ரெண்டு பேரு, பின்னாடி மூணு பேரு, அதுக்கும் பின்னாடி தொட்டி. கரூர்ல ஒருத்தரு வாங்கி அதிகம் ஓட்டாம நிறுத்தி வெச்சிருந்த வண்டி. நான் லோடு வண்டியை எடு, பொம்பளைங்க தொட்டியில பாய் விரிச்சு உக்கார்ந்துக்கட்டும்னேன். அது சட்டப்படி கூடாதுங்கண்ணான்னான். என்ற பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அவன் பேசினது அன்னிக்கு ஒரு நாள்தான். சின்னப் பையன், போகட்டும்னு விட்டேன். ஆனா ஒண்ணு சொல்லிப்போட்டேன். வண்டியை நீ எடுத்துக்க, மாத்தற வேலையெல்லாம் நான் சொல்ற பட்டறையில, நான் சொல்றபடி நடக்கணும்.

தம்பி, இது உங்களுக்குத்தான் சொல்றேன். நீங்க எந்த வண்டி வேணாலும் வாங்குங்க. வாங்கின பிறகு அடுத்தவன் பேச்சைக் கேட்டு அதைக் கெடுத்துப்போடாதீங்க. பூபதி கெட்டது அப்படித்தான்.

அவனுக்கு வேண்டியதெல்லாம் என்னன்னா, கல்லுப்பாதைக்குத் தாங்கற டயரு, அடி தட்டாத அளவுக்கு ரெண்டு விரக்கடை உயரம், மேல மடக்கி வெக்கற கூடாரம் ஒண்ணு, சட்டி பானை வெக்க இழுத்துத் திறக்கற டிராயர் ஒண்ணு. கோயமுத்தூர்ல இந்த வேலைக்குன்னே ஆளுங்க இருக்காங்களாம், அங்க கொண்டுபோயி விடறேன்னான். நாமக்கல் யாரு ஊரு? லாரிக்குப் பாடி கட்டற ஊரு. எங்கெங்கயோ இருந்து வண்டியைக் கொண்டுவந்து இங்க நிறுத்தறாங்க. என்ற சகலை வண்டி கோயமுத்தூர் போனா டிரைவருங்க என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களான்னு கேட்டேன். சரிங்கண்ணான்னான்.

எனக்குப் பழக்கமான லாரிப் பட்டறைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பட்டறைக்காரர் வண்டியை ஒரு சுத்துச் சுத்தி வந்தாரு. இதுக்கு என்னங்க பண்றதுன்னாரு. தூக்குங்கன்னேன். எவ்வளவுங்கன்னாரு. தூக்கறதுன்னு ஆன பிறகு விரக்கடைக் கணக்கு என்னத்துக்கு, லாரி மாதிரி நிக்கணும்னேன். ஸ்பிரிங்குல லாரிப் பட்டை சேர்த்துக் கட்டினாங்க. முன்னாடியும் கட்டை கொடுத்துத் தூக்கினாங்க. இடுப்பு உயரத்துக்கு டயரு. வண்டி மூஞ்சிக்கு முன்னால இரும்புக் குழாய்ல ஒரு வேலி. பூபதி மட்டும் என்னை ஓரமாக் கூப்பிட்டு, அண்ணா, ஊட்டுல பெரியவங்களும் ஏறணுமேன்னான். யாருடா பெரியவங்க, எனக்குத் தெரிஞ்சு நம்ம ஊட்டுல கிழம் யாரும் இல்லைன்னேன். சரிங்கண்ணான்னு போயிட்டான்.

இப்ப அந்த வண்டியை நீங்க பார்க்கணும். பரண் மேல ஊடு கட்டின மாதிரி நிக்குது. பள்ளத்துல இறங்கினா உள்ள இருக்கறவங்க மண்டை கூரையில போயி முட்டுது. லாரி ஸ்பிரிங்கைப் போட்டுட்டு மேல பாரமே இல்லைன்னா முட்டாம என்ன பண்ணும்? இவ்வளவு உயரம் எவனாவது தூக்குவானா? வண்டிக்காரன் அவன், அவனல்ல யோசிச்சிருக்கணும். அந்த இரும்பு வேலியைப் பார்த்துட்டு சேலம் ரோட்டுல போலீஸ்காரர் நிறுத்தி, இது போடக்கூடாதுன்னு தெரியாதான்னு கேட்டு, அபராதம் வாங்கிக்கிட்டு, அங்கயே கழட்டவும் வெச்சுட்டாரு. பூபதிக்கு முன்னாலயே தெரியுமாம். தெரிஞ்சா பட்டறையிலயே சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தான்?

அடிவாரம் காரவள்ளி தாண்டிருச்சு பாருங்க. இனி வளைவுதான், எழுபது வளைவு. கம்பியைப் பிடிச்சுக்குங்க. நானும் பிடிச்சுக்கறேன்.

தையில நல்ல நாளாப் பார்த்து மாமனார் ஊட்டு வாசல்ல வண்டிக்குப் பூசை. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் வந்திருந்தாங்க. மாலை, சந்தனம், சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம். முதல் ஓட்டம் கோயிலுக்கு. முன் சீட்டுல மூத்த மாப்பிள்ளை உக்காரணும். அதுவும் வழக்கந்தான், நான் கொண்டுவந்ததில்லை. நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, முன் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடிச்சுக் காலைத் தூக்கினேன்.

கால் மேல வரலை.

மறுக்கா தூக்கினேன். அன்னிக்குன்னு பார்த்து முட்டி பிடிச்சுக்கிச்சு, வேற ஒண்ணுமில்லை. கற்பூரம் எரிஞ்சுக்கிட்டே இருக்குது. பூசாரி தட்டை வெச்சுக்கிட்டு நிக்கறாரு. அப்பத்தான் இந்தப் பூபதி உள்ள ஓடினான். கோகிலா அரிவாமணைக்குப் பக்கத்துல போட்டு உக்கார்ற முக்காலியைத் தூக்கிக்கிட்டு வந்து, என்ற காலடியில வெச்சு, அண்ணா, இது மேல ஒரு கால் வெச்சு ஏறிடுங்கன்னான். அத்தனை பேரு முன்னால. அந்த முக்காலியில வெங்காயத் தோல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. எனக்கு இன்னிக்கும் அந்தத் தோல்தான் கண்ணுக்குள்ள நிக்குது.

ஒருத்தரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தா நானும் கூடச் சிரிச்சுப்போட்டு ஏறியிருப்பேன். எல்லாரும் வாயை மூடிக்கிட்டு என்ற காலையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. யாராவது ஒருத்தரு அந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம். திரும்பலை. உன்ற வண்டியில இனிமே நான் ஏறுனா பாருன்னு சொல்லிப்போட்டு, முக்காலியை எட்டி உதைச்சுத் தள்ளிப்போட்டு, தெருமுனைக்கு நடந்துபோயி ஆட்டோ பிடிச்சேன். அவமானம் பண்ணணும்னே செஞ்சான்னு நான் சொல்லலை. அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது.

அதுக்கப்புறம் அவங்க பாட்டுக்கு அவங்க போக ஆரம்பிச்சுட்டாங்க. லீவு வந்தா வண்டி எங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கும். ஆரன் அடிக்க மாட்டான் பூபதி. கீழ இறங்கி வந்து, அண்ணா வரீங்களான்னு வாசல்ல நின்னு கேப்பான். ஒவ்வொரு தடவையும் கேப்பான். நான் கதவைச் சாத்திக்கிட்டு டிவியை வெச்சுக்குவேன். இவங்க போயிட்டு மறுநாள் வருவாங்க. தலையெல்லாம் புகை நாத்தம், காலெல்லாம் முள்ளுக் கீறல். மூஞ்சியில மட்டும் அப்படி ஒரு களை. என்ற சம்சாரம் மல்லிகா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ பாடி நான் கேட்டதில்லை. பாத்திரம் கழுவிக்கிட்டே முனகறா. என்ன பாட்டுன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறா.

அவங்க பண்ற கூத்தைக் கேளுங்க. கீழ பெட்ரோல் பங்குல டயருக்குக் காத்து அடிச்சுக்கறாங்க. மலையில கல்லுப்பாதை வந்ததும் இறங்கி அந்தக் காத்தைப் பாதி பிடுங்கி விடறாங்க. கேட்டா டயரு மெதுவாகிக் கல்லைக் கவ்விக்குமாம். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடிக்கறாங்க. லாரிக்காரன்கிட்ட இதைச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பான். என்ற பொண்ணு ஜாக்கி போட்டு டயரு மாத்தறாளாம். அந்த வண்டியைக் கல்லு மேல ஏத்தி இறக்கறதுக்கு பூபதி அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கான். பொம்பளைப் புள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கற விசயமா இது? அவ ஓட்டி நான் பார்த்ததில்லை. மல்லிகாதான் சொன்னா, நீங்க பார்க்கணுமுங்க, அப்படி ஓட்டறான்னு. நான் எங்க பார்க்கறது?

அந்த நாள்ல ராத்திரிச் சோத்துக்கு நான் மெஸ்ஸுக்குப் போவேன். ஊட்டுல ஆக்கி வெச்சிருப்பா, இருந்தாலும் போவேன். தனியா உக்கார்ந்து திங்கறதுக்கு மெஸ்ஸு பரவால்லை, நாலு பேரு சத்தமாவது இருக்கும். ஊடு அப்படி ஒரு அமைதியா இருக்கும் தம்பி. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அவன் மூளைக்கு இன்னொரு சாட்சி சொல்றேன். ஒரு நாள் ஆபீஸ்ல இருந்து வந்தா வண்டி வாசல்ல நிக்குது, ஆள் யாரும் இல்லை. சரின்னு ஒரு சுத்துச் சுத்திப் பார்த்தேன். இடது பக்கம் முன் கதவுக்குக் கீழ ஒரு படி வெச்சிருக்கான். கெட்டியான இரும்பு, வழுக்காம இருக்க மேல ரப்பரு, வண்டிக் கலர்லயே பெயிண்ட்டு. தூரத்துல இருந்து பார்த்தா படி இருக்கறதே தெரியாது. கதவுக்கு உள்ள, பிடிச்சு ஏற ஒரு கைப்பிடி வேற. இவ்வளவும் எங்கன்னா, அந்த ஒரு கதவுக்கு மட்டும். மத்த மூணு கதவுக்கும் ஒண்ணுமில்லை. ஓட்டறவனுக்கு இல்லை, பொம்பளைங்க ஏறற பின் கதவுக்கு இல்லை. படி வெக்கறதுன்னா ஒரு பக்கம் மட்டும் எந்த மடையனாவது வெப்பானா? பூபதிகிட்ட நான் பேசறதில்லை, அதனால யாழினியைக் கேட்டேன். நீங்களே யோசிச்சுப் பாருங்கப்பான்னு சொல்லிப்போட்டுப் போயிட்டா. யோசிக்க என்ன இருக்குது? இரும்பு பத்தாம போயிருக்கும்.

என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? தலை சுத்துதா? முதல் தடவை இந்த மலைக்கு வர்றவங்களுக்குச் சுத்தும். வெளிய பாருங்க, சரியாயிரும்.

இப்ப எதுக்குப் போறேன்னு கேட்டீங்கல்ல. யாழினி நாளை மறுநாள் இமயமலைப் பக்கம் ஒரு ஊருக்குப் படிக்கப் போறா. காட்டைப் பத்திப் படிப்பாம். பேங்கு வேலைக்குப் படிடின்னேன். அந்த வண்டியில ஏறி இறங்கி அவளுக்குக் காட்டுக் கிறுக்குப் பிடிச்சுப் போச்சு. போனா வருசத்துக்கு ஒரு தடவை வந்தா உண்டு. அதனால இன்னிக்கு ராத்திரி அவளுக்காக மலையில கூடாரம், எல்லாரும் சேர்ந்து சாப்பாடு. காலையில வண்டி வந்துச்சு. வழக்கம்போல பூபதி கேட்டான், வழக்கம்போல நான் கதவைச் சாத்தினேன். அவங்களும் கிளம்பிட்டாங்க. மத்தியானம் யாழினி போன் அடிச்சா. அப்பா, வர்றீங்களா இல்லையான்னா. உன்ற சித்தப்பன் வண்டியில நான் வர மாட்டேன்னு உனக்குத் தெரியும்லன்னேன்.  அதுக்கு அவ, "பஸ்ஸுல வாங்கப்பா. பஸ்ஸுக்குப் படி இருக்குது"ன்னா.

பஸ்ஸுக்குப் படி இருக்குதாம். எப்படிப் பேசறா பாருங்க. யாருக்குப் பொறந்தவ.

வந்துட்டேன். இந்தப் பையில என்னன்னா, சென்னிமலைப் போர்வை. அவ போற ஊருல குளிரு அதிகமாம். ரெண்டு எடுத்திருக்கேன், ஒண்ணைத் துவைச்சுப் போட்டா இன்னொண்ணு வேணுமல்ல. நாளைக்கு ஊட்டுல வெச்சே கொடுத்திருக்கலாம். ஆனா நாளைக்கு அவ பொட்டி கட்டற அவசரத்துல இருப்பா.

பாதை பிரியற பிரிவுல இறங்கி, கூடாரத்துக்கு எப்படிப் போவீங்கன்னா கேக்கறீங்க? நடந்துதான். மெயின் ரோட்டுல இருந்து உள்ள கல்லுப்பாதை, மிளகுத் தோட்டத்து வழியா ஏத்தம். ஆட்டோ வராது, காரும் வராது. அந்த மாதிரி வண்டிதான் போகும். எனக்கு நடக்கத் தெரியாதா? மெதுவா நடந்தா இருட்டறதுக்குள்ள போயிருவேன். போகாட்டி எங்கயாவது கல்லு மேல உக்கார்ந்துக்கறேன். சோறு ஆறினாலும் பரவால்லை. அந்த வண்டியில ஏற மாட்டேன்னு சொன்னவன் ஏறக்கூடாது. அத்தனை பேரு முன்னால சொன்ன வார்த்தை அது.

இந்தா, பிரிவு வந்துருச்சு. அதென்ன, சில்வர் ஓக் மரத்தடியில?

வண்டி.

வரச் சொல்லலீங்க நான். எந்த பஸ்ஸுன்னுகூட யாருக்கும் சொல்லலை. வண்டி மேல பாருங்க, பூரா இலை விழுந்து கிடக்குது. எப்ப வந்து நின்னாங்களோ. மத்தியானத்துல இருந்து வர்ற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க. வேலையத்தவங்க.

அந்தக் கூத்தைப் பாருங்க தம்பி. பின் சீட்டுல மூணு பொம்பளைங்க இடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்காங்க, கோகிலா மடியில அவ பையன் வேற. முன் சீட்டு காலியாக் கிடக்குது. ஒருத்தர் முன்னாடி போயி உக்கார்ந்தா என்ன கெட்டுப்போகும்? இந்தக் குடும்பத்துல ஒருத்தருக்கும் மூளை கிடையாதுன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

யாழினி இறங்கறா. குதிச்சே இறங்கறா பாருங்க. அவளுக்குப் படி வேண்டியதில்லை. கோகிலா பையனைத் தூக்கிக்கிட்டு ஒரே எட்டுல இறங்கிட்டா. மல்லிகா, அவ எடைக்கு அவளும் இறங்கிப்போட்டா. பழகிருச்சு அவங்களுக்கெல்லாம். ஒருத்தருக்கும் படி வேண்டியதில்லை. அப்புறம் எதுக்கு அந்த மடையன், உக்கார ஆளே இல்லாத சீட்டுக்கு...

கண்டக்டர், விசில் ஊதிடாதீங்க. இறங்கணும்.

இல்லீங்க தம்பி, ஒண்ணுமில்லை. தூசி. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. முட்டி பிடிச்சிருக்குது, மெதுவாத்தான் எந்திரிக்கணும். பூபதி வந்து முன் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கறான். என்னைப் பார்க்கலை, மரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறான். மத்தவங்களும் அப்படித்தான், வானத்தையும் ரோட்டையும் பார்த்துக்கிட்டு. யாழினி சொல்லிக் கொடுத்திருப்பா.

எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. உங்களுக்கு ஜன்னல் சீட்டு, இங்கிருந்து எல்லாம் நல்லாத் தெரியும். பஸ்ஸு கிளம்பற வரைக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்கார்ந்துக்குங்க. அந்தப் பக்கம் பார்க்கறதுக்கு ஒண்ணுமில்லைதான். இருந்தாலும் பாருங்க.